மகனைத் தருகிறேன் என்று ஏன் சொல்ல வேண்டியிருந்தது?



கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஒரு செய்தி தவறாமல் சொல்லப்படும். 1962இல் சீனா எல்லையைத் தாண்டி வந்தபோது, தம் ஒரே மகனை ராணுவத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன் என்று அவர் பிரதமர் நேருவுக்குத் தெரிவித்தார் என்பது அந்தச் செய்தி. பேச்சாளர் அதைச் சொல்லி முடித்ததும் கூட்டம் தக்பீர் முழங்கும். கேட்கிற நமக்கும் நெஞ்சு நிமிரும்.

நிமிரட்டும். ஆனால் அன்றைய மக்களவையில் ஏறத்தாழ ஐந்நூறு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய மகன்களைப் பற்றி நாம் இப்படிக் கதை வைத்திருக்கிறோம்? மற்ற உறுப்பினர் யாரிடமும் மகனை எல்லைக்கு அனுப்புவாயா என்று நாடு கேட்டதில்லை. அவர்களுடைய நாட்டுப் பற்றை யாரும் சந்தேகிக்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லவும் தேவைப்படவில்லை. நாம் பெருமையாகச் சொல்லும் செய்திக்குள் இப்படி ஒரு வலியும் இருக்கிறது. சிறுபான்மையிலிருந்து பொதுவாழ்வுக்கு வருகிறவர், மற்றவர்களிடம் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் தம் வேலையைத் தொடங்க முடிகிறது. இந்த மாத மடலில் அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஏன் இப்போது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காயிதே மில்லத் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பை விட்டவர். தோல் வணிகத்தில் பெயர் பெற்றவர். 1946 முதல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். இவ்வளவும் நாட்டுப் பிரிவினைக்கு முன்பே அவருக்கு இருந்த அடையாளங்கள். பிரிவினைக்குப் பிறகு, இவை எவையும் இல்லாதவர் போல, முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் இரண்டாகப் பிரிந்தது. பாகிஸ்தான் பிரிவுக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர். இந்தியப் பிரிவுக்கு இஸ்மாயில் ஸாஹிப். இங்குள்ள முஸ்லிம்களின் காரியங்களில் நீங்கள் தலையிடாதீர்கள், உங்கள் நாட்டுச் சிறுபான்மையினரை நன்றாக நடத்துங்கள், எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான் என்று அவர் அங்கே சொல்லிவிட்டு வந்ததாகச் சமுதாயப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே மாதத்தில் லக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தனிக்கட்சி அரசியலை விட்டுவிட வேண்டும் என்று அறிவுரை கூறியது. லீக் என்ற பெயரைச் சொல்லவே பலர் பயந்த காலம். இந்த நிலையில்தான் 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில் கூட்டம் கூடி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்காகத் தொடர்வது என்று முடிவு செய்தது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஆனால் தனிக்கட்சி வேண்டாம் என்று வாதிடுவதும், தனிக்கட்சி வைத்திருப்பவன் வேறு நாட்டுக்காரன் என்று சொல்வதும் ஒன்றல்ல.

அரசியல் நிர்ணய சபையில் இந்த இரண்டும் எப்படிக் கலந்துபோயின என்று பாருங்கள். 1947 ஆகஸ்ட் இறுதியில் சென்னை மாகாண உறுப்பினர் பி. போக்கர் ஸாஹிப், முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சர்தார் படேல் பதில் சொன்னார். அந்த முறையால் நாடு பிளவுபட்டது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அதை வாதம் என்று ஏற்று மறுவாதம் சொல்லலாம். ஆனால் அதை விரும்புகிறவர்களுக்கு இடம் பாகிஸ்தானில் இருக்கிறது, இங்கே இல்லை என்ற பொருள்படவும் அவர் பேசினார். பஞ்சாபில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை என்பதை நாம் மறக்கக்கூடாது. இருந்தாலும் ஓர் உறுப்பினர் வைத்த கோரிக்கைக்கு, அந்த உறுப்பினர் எந்த நாட்டில் வாழ வேண்டும் என்பது பதிலாக முடியாது.

காயிதே மில்லத் சபையில் சேர்ந்த பிறகும் இதே சூழல்தான். 1948 நவம்பர் 23 அன்று, பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, தனக்கெனத் தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகத்தையும் அதை விட்டுவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற திருத்தத்தை அவர் முன்வைத்தார். திருத்தம் தோற்றது. 1949 மே மாதம், மதச் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டை நீக்கும் விவாதத்தில் தனித் தொகுதிக்காக மீண்டும் எழுந்தார். அதுவும் தோற்றது, பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில் பழைமைதான் அளவுகோல் என்றால் இந்த மண்ணில் தமிழும் திராவிட மொழிகளும்தானே மூத்தவை என்று எடுத்துச் சொன்னார். இஸ்லாமியர் என்றால் உருதுக்குத்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கும்.

தோற்றுத் தோற்றும் அவர் சபையை விட்டு வெளியே போகவில்லை. குரலை உயர்த்திச் சண்டை போடவும் இல்லை. பிறகு மாநிலங்களவை, 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்து மஞ்சேரியிலிருந்து மக்களவை. நெல்லைத் தமிழரை மலையாள மண் மூன்று முறை அனுப்பியது சிறிய செய்தி அல்ல. 1967இல் அண்ணாவின் கூட்டணியில் அவர் இருந்தார். 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. நம் மாவட்டமும் அப்போதுதான் 'சம்புவராயர்' என்ற பெயரை இழந்தது. இளைஞர்களுக்கு அது ஞாபகம் இருக்காது.

கேரளத்தில் சி.எச். முஹம்மது கோயா அவர்களுக்கு நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1960 தேர்தலில் காங்கிரசும் லீக்கும் ஒரே அணியில் நின்று வென்றன. லீக்கின் சீதி ஸாஹிப் சபாநாயகர் ஆனார். 1961இல் அவர் மறைந்ததும் கோயாவின் பெயர் வந்தது. அப்போது ஒரு நிபந்தனை: லீக் உறுப்பினர் பதவியை விட்டால்தான் சபாநாயகர் நாற்காலி. ஓட்டு கேட்கும்போது சேர்த்துக்கொண்ட கட்சிதான். நாற்காலியில் உட்காரும்போது மட்டும் அந்தப் பெயர் உடம்பில் இருக்கக் கூடாது. கோயா உறுப்பினர் பதவியை விட்டுச் சபாநாயகர் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் சபாநாயகர் பதவியையும் விட்டுவிட்டார். அதே கோயாதான் 1979 அக்டோபரில் கேரள முதலமைச்சர் ஆனார், ஐம்பது நாள் மட்டுமே என்றாலும்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு, 2015 ஜனவரி 26.

டெல்லி குடியரசு தின அணிவகுப்பு. மேடையில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் வணக்கம் செலுத்துகிறார்கள். துணைக் குடியரசுத் தலைவர் ஹாமித் அன்சாரி கை உயர்த்தாமல் நேராக நிற்கிறார். அந்தப் படம் மாலைக்குள் நாடு முழுவதும் பரவியது. கொடிக்கு மரியாதை செய்யாத முஸ்லிம் என்றார்கள். உண்மையில் முறை என்ன? கொடியேற்றும்போது சீருடையில் இருப்பவர்கள் வணக்கம் செலுத்த வேண்டும். மற்றவர்கள் கொடியை நோக்கி நேராக நிற்க வேண்டும். முப்படைகளின் தலைவர் என்ற முறையில் அணிவகுப்பு மரியாதையைக் குடியரசுத் தலைவர் ஏற்கிறார். அன்சாரி செய்ததுதான் விதிப்படி சரியானது. அவருடைய அலுவலகம் விளக்கம் கொடுத்தது. ஆனால் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் விளக்கத்தைப் படித்திருப்பார்கள்? விதியை மீறாதவர் விளக்கம் கொடுக்கிறார். விதி தெரியாதவர்கள் விசாரிக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து யோகா தினம். துணைக் குடியரசுத் தலைவர் வரவில்லையே என்று ஆளும் கட்சிப் பொதுச் செயலாளர் ராம் மாதவ் கேட்டார். அவருக்கு அழைப்பே இல்லை என்று அலுவலகம் சொன்னது. பிரதமர் தலைமை விருந்தினராக உள்ள நிகழ்ச்சிக்கு மரபுப்படி அவரை அழைப்பதில்லை என்று அமைச்சரும் சொன்னார். ராம் மாதவ் பதிவை நீக்கி வருத்தம் தெரிவித்தார். பத்து ஆண்டு அந்தப் பதவியில் இருந்த மனிதருக்கு இந்த நிலை.

அந்த 2015 அணிவகுப்பு மேடையில் தலைமை விருந்தினராக இருந்தவர் யார் தெரியுமா? பராக் ஒபாமா. அவருக்கும் இதே அனுபவம் உண்டு. அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபர் அமெரிக்காவில் பிறந்தவரே அல்ல என்று ஆண்டுக்கணக்கில் பிரசாரம் நடந்தது. 2011 ஏப்ரல் 27 அன்று, பதவியில் இருக்கும் அதிபர் தம் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டியதாயிற்று. அவர் முஸ்லிம் என்றும் ஒரு வதந்தி. அதற்கு 2008 அக்டோபரில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் தொலைக்காட்சியில் சொன்ன பதில் நினைவில் வைக்கத் தக்கது: அவர் முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் என்பது சரியான பதில்தான், ஆனால் முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். நம் துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ் விஷயத்திலும், அவருக்குப் போட்டியிடத் தகுதி உண்டா என்றும், அவர் உண்மையில் கறுப்பினத்தவரா என்றும் கேட்டார்கள். நிறம், இனம், மதம் எதுவானாலும் கேள்வியின் வேர் ஒன்றுதான்: நீ உண்மையில் எங்களவனா?

பெண்ணாகவும் இருந்தால் சுமை இரட்டிப்பு. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் டயான் அபாட், 1987இல் வந்தவர். 2017 தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் பெண் உறுப்பினர்களுக்கு வந்த வசைப் பதிவுகளை ஆம்னஸ்டி அமைப்பு எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ பாதி, அதாவது 45 சதவீதம், அவர் ஒருவருக்கே வந்திருந்தன.

பக்கத்து இலங்கையில் இது எங்கே போய் முடிந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நடந்த கொடூரத்தில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதைச் செய்த சஹ்ரானைப் பற்றி அதற்கு முன்பே அதிகாரிகளிடம் புகார் கொடுத்தவர்களில் காத்தான்குடி முஸ்லிம்கள் இருந்தார்கள். மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிறகு அமைச்சர் ரிஷாத் பதியுதீனையும், ஆளுநர்கள் அசாத் சாலி, ஹிஸ்புல்லாஹ் ஆகியோரையும் நீக்கக் கோரி, நாடாளுமன்ற உறுப்பினரான அத்துரலியே ரதன தேரர் கண்டி தலதா மாளிகை முன் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று ஆளுநர்கள் இருவரும் விலகினார்கள். அன்றே அமைச்சர், இராஜாங்க அமைச்சர், பிரதி அமைச்சர் என்ற பொறுப்புகளில் இருந்த முஸ்லிம்கள் ஒன்பது பேரும் விலகினார்கள். கட்சி வேறு, ஊர் வேறு, குற்றச்சாட்டு இல்லாதவர்களும் அதில் உண்டு. விசாரணை தடையின்றி நடக்கட்டும், சமூகம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றார்கள். ஒருவர் மீது சந்தேகம் வந்தால் அவரை விசாரிப்பது சட்டம். ஒருவர் மீது சந்தேகம் வந்தால் ஒன்பது பேரும் பதவியைக் கழற்றி வைக்க நேர்வது வேறு விஷயம்.

இதுவரை வெளியே இருந்து வரும் சோதனை. நம் தலைவர்களை நாமும் ஒரு சோதனையில் நிறுத்துகிறோம். 1967இல் டாக்டர் ஜாகிர் ஹுசேன் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, ஒரு முஸ்லிம் அந்த நாற்காலியில் அமரலாமா என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அவர் வென்ற பிறகு சிருங்கேரி சங்கராச்சாரியாரைச் சந்தித்து ஆசி பெற்றதற்கு நம்மவர்கள் சிலர் கோபித்தார்கள். அப்துல் கலாம் ஐயா வீணை வாசித்தார், கீதை படித்தார் என்பதால் வெளியே சிலருக்கு அவர் நல்ல முஸ்லிம். அதே காரணத்தால் நம் ஊர் டீக்கடையில் சிலருக்கு அவர் முழு முஸ்லிம் அல்ல. இரண்டு பக்கமும் அளவுகோலோடு நிற்கிறது. நடுவில் நிற்கும் மனிதர் ராக்கெட்டைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேச எப்போது நேரம் கிடைக்கும்?

அதற்காக நம் தலைவர்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதவி அமானிதம். கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. வக்ஃபு நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கைமாற்றியவரைக் கேள்வி கேட்டால், 'முஸ்லிம் என்பதால் குறி வைக்கிறார்கள்' என்று அவர் பின்னால் ஒளிய நாம் இடம் கொடுக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதே பதவியில் வேறு சமூகத்தவர் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்பார்களா? 'சாலைப் பணம் எங்கே போயிற்று' என்பதை எல்லோரிடமும் கேட்பார்கள். பதில் சொல்லத்தான் வேண்டும். 'கிரிக்கெட்டில் யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறாய்' என்பதை எல்லோரிடமும் கேட்பதில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். நம் நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டுகளில் பாதி பெண்களுக்கு. நம் உதவித்தொகையில் பட்டம் முடித்த ஒரு பிள்ளை தன் தெருவில் குடிநீர்க் குழாய், ரேஷன் கார்டு திருத்தம், முதியோர் உதவித்தொகை என்று மனு எழுதிக் கொடுத்து அலைந்து முடித்துத் தருகிறாள். 'நீயே வார்டுக்கு நில்லும்மா' என்று முதலில் சொன்னது எதிர்வீட்டு இந்துப் பெரியம்மா. பிள்ளைக்கும் ஆசைதான். அவளுடைய அத்தா அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். "பாய், நான் பதினாறு வருஷம் துபாயில் கஷ்டப்பட்டுக் கட்டின வீடு. இவள் நின்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் போடுவார்கள். தலைத்துணியைப் பேசுவார்கள். தோற்றால் பரவாயில்லை, பேர் கெட்டால் சின்னவளுக்கு எப்படி மாப்பிள்ளை பார்ப்பேன்?" என்றார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 பிப்ரவரியில் மதுரை மாவட்டம் மேலூரில், ஓட்டுப்போட வந்த பெண்ணின் ஹிஜாபையே ஒரு கட்சி முகவர் ஆட்சேபித்ததை அவரும் பார்த்திருக்கிறார். அந்த முகவரை மற்றக் கட்சியினர் எதிர்த்தார்கள், அதிகாரிகள் வெளியேற்றினார்கள், பிறகு போலீஸ் கைது செய்தது, அந்தப் பெண் ஓட்டுப் போட்டார் என்ற பின்பாதியையும் அவருக்குச் சொன்னேன்.

சட்டம் இதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு மதத்தையோ இனத்தையோ மொழியையோ சாதியையோ சேர்ந்தவர்கள் என்பதாலேயே ஒரு பிரிவினர் அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருக்க மாட்டார்கள் என்று பழி கூறுவது தனிக் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153பி என்று 1972இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 197ஆவது பிரிவு. காயிதே மில்லத் மறைந்த ஆண்டில் வந்த சட்டம். அவர் காலத்தில் இருந்திருந்தால் எத்தனை பேர் மீது போட்டிருக்கலாம் என்று சில நேரம் நினைப்பதுண்டு. தேர்தல் காலத்தில் மதத்தின் பெயரால் பகை மூட்டுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஆவது பிரிவும் தடுக்கிறது.

சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்பதற்கு 2017 ஜனவரி 2 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு விரிவான பொருள் தந்தது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும். எனவே ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் 'நம் பிள்ளைக்குப் போடுங்கள்' என்று யாரும் நிற்க வேண்டாம். குழாயில் தண்ணீர் வரவைத்தவள் என்று சொல்லிக் கேளுங்கள். அது எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் புரியும்.

வதந்தி வந்தால் உணர்ச்சிவசப்பட்டுப் பதில் பதிவு போடாதீர்கள். திரைப்படம் பிடித்து, தேதி நேரத்தோடு, அனுப்பியவரின் எண்ணோடு வைத்துக்கொண்டு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நமக்கு அடுத்தவர் பற்றி வரும் செய்தியையும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை நம் கைப்பேசிக்கும் பொருந்தும். வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள குடும்பங்கள் வங்கி வழியாக வந்த பணத்தின் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். கேட்கும் அதிகாரிக்குக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

தேர்தலில் நிற்க எண்ணமுள்ளவர்கள், ஆண் பெண் இருபாலரும், எந்தக் கட்சியானாலும் சுயேச்சையானாலும், வரும் மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம், இன்ஷா அல்லாஹ். வழக்கறிஞர்கள் இருவர் இருப்பார்கள். வேட்புமனுவோடு தரும் சொத்து, வழக்கு விவர உறுதிமொழிப் பத்திரத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருவார்கள். வாக்காளர் அட்டை, வயதுச் சான்று, சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள் கொண்டு வரவும். வரி பாக்கி இருப்பவர்கள் அதற்கு முன்பே கட்டிவிடுங்கள். மேலே சொன்ன பிள்ளையின் அத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; கேட்க மட்டும்தான் என்று.